ஆங்கர்னா மைக் பிடிக்கறவங்க மட்டும்தானா?

இந்த வாரம் ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்க, ப்ளீஸ்.

மேலூர் பக்கம் ஒரு கிராமத்துலேருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து படிச்ச ஒரு தங்கச்சி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். ஃபைனல் இயர்ல கேம்பஸ் இன்டர்வியூ வந்துச்சு. ஆப்டிட்யூட் ரவுண்டுல அவங்கதான் டாப். டெக்னிகல் ரவுண்டும் ஓகே. கடைசியா எச்.ஆர். ரவுண்டு. அஞ்சு பேர் சேர்ந்து செஞ்ச புராஜெக்ட்டைப் பத்தி அழகா விளக்கினாங்க. கேட்டுட்டு இருந்த அந்தப் பெரிய மனுஷர் தலையாட்டிட்டே கேட்டாராம்: 'ஹூ ஆங்கர்ட் த புராஜெக்ட்?'

தங்கச்சி ஒரு செகண்ட் முழிச்சுட்டு, 'நோ சார்... நோ ஃபங்ஷன்... ஒன்லி வைவா'ன்னு சொல்லியிருக்காங்க.

ரூம்ல இருந்த மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. கெட்ட எண்ணத்துல சிரிக்கலை, சிரிப்பு வந்துருச்சு, அவ்வளவுதான். ஆனா இவங்களுக்கு அதுக்கப்புறம் வார்த்தையே வரலை. அடுத்து கேட்ட நாலு கேள்விக்கும் 'எஸ் சார்', 'நோ சார்'. லிஸ்ட்ல பேர் வரலை.

இதுல கொடுமை என்னன்னா, அந்த புராஜெக்ட்டை அஞ்சு பேர்ல கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சு முடிச்சதே அவங்கதான். அதாவது, ஆங்கர் அவங்களேதான்! கேள்வி புரிஞ்சிருந்தா 'ஐ டிட், சார்'னு மூணு வார்த்தையில வேலை முடிஞ்சிருக்கும்.

'அண்ணே, ஆங்கர்னா டி.வி.ல பேசுறவங்கதானே?'ன்னு போன்ல அழுதுட்டே கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா, இதே வார்த்தையில நானும் ஒரு தடவை அடி வாங்கியிருக்கேன். காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே. ரிலே ரேஸ்ல நாலாவது ஆளா ஓடவேண்டியவன் வயித்துவலின்னு படுத்துட்டான். பி.டி. சார் என் தோளைத் தட்டி, 'யூ ஆர் த ஆங்கர்'னாரு. நான் நேரா மைக் செட் இருந்த மேஜைகிட்ட போய் நின்னுட்டேன். கமென்ட்ரி சொல்லணும்போலன்னு நெனச்சு. மூணாவது ஆள் குச்சியை நீட்டிட்டு வந்தா, வாங்க ஆளில்லை. அன்னைக்கு எங்க டிபார்ட்மென்ட் பசங்க எனக்கு வச்ச பேரை இங்க எழுத முடியாது.

அதனால இந்த வாரம் ஃபுல்லா ஒரே வார்த்தை. ஆங்கர். கடலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாத மதுரையில உட்கார்ந்துக்கிட்டு ஒரு கப்பல் சாமானைப் பத்திப் பேசப்போறோம்.

முதல்ல சாமானைப் பாருங்க

ஆங்கர்னா நங்கூரம். இது உங்களுக்குத் தெரியும். ஆனா நங்கூரம் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, பத்துக்கு ஒம்பது பேர் 'கனமா இருக்கும், கப்பலை நகரவிடாமப் பிடிச்சுக்கும்'னு சொல்வோம். அங்கதான் தப்பு.

டைட்டானிக் கப்பலோட நடு நங்கூரம் சுமார் 16 டன். 1911-ல இங்கிலாந்துல நெதர்டன்ங்கற ஊர்ல செஞ்சு, வண்டியில ஏத்தி, 20 குதிரை பூட்டி இழுத்துட்டுப் போனாங்க. பெரிய எடைதான். ஆனா கப்பலோட எடை 50 ஆயிரம் டன்னுக்கும் மேல. 50 ஆயிரத்தை 16 எப்படிப் பிடிச்சு நிறுத்தும்? அரசமரத்தடி யானையை ஆட்டுக்குட்டி கட்டிவச்ச மாதிரியில்ல இருக்கு!

விஷயம் எடையில இல்லை, வளைவுல இருக்கு. நங்கூரத்தோட கொக்கி கடலடி மண்ணுல குத்தி இறங்கிக்கும். அதுக்கும் கப்பலுக்கும் நடுவுல சங்கிலி. தண்ணி ஆழம் எவ்வளவோ அதைப்போலப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுவாங்க. பாதிச் சங்கிலி கடலடியில பாம்பு மாதிரி படுத்துக் கிடக்கும். காத்து கப்பலைத் தள்ளும்போது இழுவிசை மேல்நோக்கி வராம, படுக்கைவாட்டுல வரும். இழுக்க இழுக்கக் கொக்கி இன்னும் ஆழமா மண்ணைக் கவ்வும். சங்கிலியைக் கட்டையா விட்டா நங்கூரம் செங்குத்தாத் தூக்கிட்டு வெளியே வந்துரும். ஆக, நல்ல நங்கூரத்துக்கு மூணு விஷயம் வேணும்: வளைஞ்ச கொக்கி, கவ்வ ஒரு மண், தாராளமான சங்கிலி. இந்தப் படத்தை மனசுல ஒட்டிவச்சுக்கோங்க. மத்த அர்த்தமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.

வளைவுன்னு சொன்னேன்ல? வார்த்தைக்குள்ளயே அந்த வளைவு இருக்கு. இங்கிலீஷ்காரன் லத்தீன்லேருந்து வாங்கினான், லத்தீன்காரன் கிரேக்கத்துலேருந்து வாங்கினான். கிரேக்கத்துல 'அங்கூரா'. அதோட வேர் 'அங்க்'. வளையறதுன்னு அர்த்தம். இதே வேர்லேருந்து சமஸ்கிருதத்துல வந்த ஒரு சொந்தக்காரன் நம்ம ஊர்ல தினமும் கண்ணுல படுறான். யாருன்னு யோசிங்க. யானைப் பாகன் கையில இருக்கும், பிள்ளையார் கையிலயும் இருக்கும். அங்குசம்! ஒண்ணு கப்பலை அடக்குது, இன்னொண்ணு யானையை அடக்குது. கணுக்காலுக்கு இங்கிலீஷ்ல 'ஆங்கிள்'னு சொல்றோமே, அதுவும் இதே குடும்பம்தான். காலு வளையற இடமாச்சே.

கடலில்லாத ஊருக்கு நங்கூரம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். துருக்கியோட தலைநகரம் அங்காரா. சுத்திலும் மேட்டு நிலம், கடல் ரொம்ப தூரம். ஆனா அதோட பழைய கிரேக்கப் பேரு 'அங்கூரா', அதாவது நங்கூரம். மைதாஸ் ராஜாவுக்கு அங்க ஒரு நங்கூரம் கிடைச்சதா ஒரு பழங்கதை. தொட்டதெல்லாம் பொன்னாகும்னு வரம் வாங்கி மாட்டிக்கிட்டாரே, அவரேதான்.

நம்ம 'நங்கூரம்' மட்டும் வேற ரூட். பாரசீகத்து 'லங்கர்'தான் கப்பல்காரங்க வாய் வழியா வந்து நங்கூரமா ஆச்சுன்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. அதே லங்கருக்கு அன்னதானம் நடக்கற இடம்னு இன்னொரு அர்த்தமும் உண்டு. குருத்வாராவுல ஜாதி, மதம் பார்க்காம வரிசையா உட்காரவச்சு ரொட்டியும் பருப்பும் போடுறாங்களே, அதுக்குப் பேரும் லங்கர்தான். நங்கூரமும் சாப்பாட்டுப் பந்தியும் ஒரே வார்த்தை! ஹாஸ்டல் மெஸ்ஸை நம்பி வாழற ஜென்மங்களுக்கு இது ஈஸியாப் புரியும்.

மதுரைக்கு வந்த நங்கூரம்

இப்ப மெயின் மேட்டர். உங்க வீட்டுல அம்மாவோ அக்காவோ எம்ப்ராய்டரி போடுவாங்கன்னா, அந்த நூல் டப்பாவைத் திறந்து பாருங்க. கலர் கலரா சின்னச் சின்னக் கண்ணி. சுத்தியிருக்கற பேப்பர் லேபிள்ல நங்கூரப் படம் போட்ட 'ஆங்கர்' நூல் கண்டிப்பா ஒண்ணாவது இருக்கும். ஒரு கண்ணியில 8 மீட்டர், 6 இழை. தேவைக்கு ரெண்டு இழையா, மூணு இழையாப் பிரிச்சுக் கோத்துக்கலாம்.

பூ போடுற நூலுக்கும் கப்பல் நங்கூரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊர். அங்க நூல் தயாரிச்ச கிளார்க் குடும்பத்தோட டிரேட் மார்க் நங்கூரம். அவங்க மில்லுக்குப் பேரே ஆங்கர் மில். அதே ஊர்ல அவங்களுக்குப் போட்டி, கோட்ஸ் குடும்பம். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது போதும்னு 1896-ல ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க. நங்கூரம் கோட்ஸ் கைக்கு வந்துச்சு.

இந்தப் பக்கம் மதுரையில என்ன நடந்துச்சுன்னா, ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வின்னு ரெண்டு ஸ்காட்லாந்து சகோதரர்கள் தூத்துக்குடி பக்கம் பஞ்சு வியாபாரத்துக்கு வந்தாங்க. பாபநாசத்துக்குக் கீழே விக்கிரமசிங்கபுரத்துல ஒரு மில், தூத்துக்குடியில கோரல் மில், அப்புறம் நம்ம ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல மதுரை மில். கரிசல்காட்டுப் பருத்தி வண்டி வண்டியா வந்து இறங்கும். ஷிஃப்ட் மாறுறப்ப மில் சங்கு ஊதும். அதை வச்சு ஊரே நேரம் பார்த்த காலம் அது. திருப்பரங்குன்றம் போற வழியில இருக்கற ஹார்விபட்டி, மில் தொழிலாளிகளுக்காக உருவான குடியிருப்பு. பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?

1974-ல மதுரை மில்லும் கோட்ஸும் சேர்ந்து 'மதுரா கோட்ஸ்' ஆச்சு. ஆங்கர் நூலும் அந்தப் பேரோடயே வீடு வீடா வந்து சேர்ந்துச்சு. பெய்ஸ்லியில கிளம்பின நங்கூரம், கடலே இல்லாத மதுரையில வந்து கரை ஒதுங்கின கதை இதுதான்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நல்லா இருக்காது. ஹார்வியோட கோரல் மில்லுல 1908-ல நடந்த வேலைநிறுத்தத்துக்கு முன்னாடி நின்னவங்க வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சம்பள உயர்வு, வேலை நேரம், லீவுன்னு கேட்டாங்க, ஜெயிச்சாங்க. அதே வ.உ.சி.தான் 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரு. ஜெயிச்ச சூட்டோட அதே மாசம் அவரை உள்ளே தூக்கிப் போட்டாங்க. நங்கூர நூல் லேபிளைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கப்பல்களும் ஞாபகத்துக்கு வரும். நீங்க நினைக்கணும்னு கட்டாயமில்லை.

'மதுரைக்குக் கடலே இல்லை'ன்னு திரும்பத் திரும்பச் சொல்றேனே, அதுவும் பாதிதான் உண்மை. பாண்டியர்களுக்குக் கொற்கைன்னு பேர்பெற்ற துறைமுகம் இருந்துச்சு. நம்ம வைகை போய்ச் சேர்ற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல, ராமநாதபுரம் மாவட்டத்துல அழகன்குளம் இருக்கு. அங்க தொல்லியல் துறை தோண்டினப்ப ரோமானியக் காசு, ரோமானியப் பானை ஓடெல்லாம் கிடைச்சது. ஒரு பானை ஓட்டுல எவனோ ஒருத்தன் கப்பல் படம் கீறி வச்சிருக்கான். லெக்சர் போரடிச்சா பெஞ்சுல நாம கிறுக்குவோமே, அந்த மாதிரி! அவன் கிறுக்கினது மியூசியப் பொருளாயிடுச்சு, நாம கிறுக்கினா ஃபைன்.

மத்த கடைகள்ல கிடைக்கற ஆங்கரையும் வேகமாப் பார்த்துருவோம். சுவத்துல இருக்கற ஸ்விட்சைப் பாருங்க, பாதி வீட்டுல ஆங்கர்தான். மும்பை கம்பெனி, 2007-ல ஜப்பான் பானசோனிக் குரூப் கைக்குப் போச்சு. 'நூறு சதவீதம் சைவம்'னு விளம்பரம் பண்ணின டூத்பேஸ்ட்டும் ஒண்ணு வந்துச்சு. சைவ நங்கூரம்! இலங்கையில போய் 'ஆங்கர்'னு சொன்னா கடைக்காரர் பால்மா பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். 1886-ல நியூசிலாந்துல வெண்ணெய்க்கு வச்ச பேரு அது. அங்க பொருளாதார நெருக்கடி வந்தப்ப ஜனங்க பால்மாவுக்கு மணிக்கணக்கா வரிசையில நின்னாங்க. மெக்கானிக்கல், சிவில் பசங்க பேசற ஆங்கர் போல்ட், தூணையோ மெஷினையோ கான்கிரீட்டோட கவ்விப் பிடிக்கறது. கொக்கி, மண், அதே கதை.

கடைசி ஆள்தான் ஆங்கர்

இனி மனுஷங்க. பொங்கலுக்குத் தெருவுல கயிறு இழுக்கற போட்டி வைப்பாங்கள்ல? ரெண்டு பக்கமும் கடைசியா ஒரு தடியன் நிப்பான். கயித்தை அக்குள் வழியா முதுகுல சுத்தித் தோளுக்கு மேல விட்டு, குதிகாலை மண்ணுல புதைச்சு, உடம்பைப் பின்னால சாய்ச்சுக்குவான். அவன்தான் ஆங்கர். படம் ஞாபகம் இருக்கா? குதிகால்தான் கொக்கி, கயிறுதான் சங்கிலி. அவன் வழுக்கினா டீமே வழுக்கிரும்.

அப்படிக் கடைசியா நிக்கறவங்கற அர்த்தம்தான் ரிலேவுக்குப் போச்சு. கடைசியா ஓடறவர் ஆங்கர். 2012 லண்டன் ஒலிம்பிக்ல ஜமைக்கா 4x100 மீட்டரை 36.84 செகண்டுல முடிச்சு உலக சாதனை பண்ணினப்ப ஆங்கர், உசைன் போல்ட். அவ்வளவு தூரம் போகவேண்டாம். மதுரை சக்கிமங்கலத்துப் பொண்ணு ரேவதி வீரமணி தெரியும்ல? சின்ன வயசுலயே அப்பா, அம்மா தவறி, கூலி வேலை செஞ்ச பாட்டி வளர்த்து, ஷூ இல்லாம வெறுங்காலோட ஓட ஆரம்பிச்சவங்க. லேடி டோக் காலேஜ் ஸ்டூடன்ட். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல 4x400 மீட்டர் கலப்பு ரிலேல இந்தியாவுக்காக ஓடினாங்க. அந்த நாலு பேர் டீம்ல மூணு பேர் தமிழ்நாடு: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். கடைசி லெக் ஓடின ஆங்கர், ராஜீவ். ஃபைனலுக்குப் போக முடியலை. ஆனா ரேவதி கையிலேருந்து சுபாவுக்கும், சுபா கையிலேருந்து ராஜீவுக்கும் குச்சி போற அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்க. ஆங்கர்னா என்னன்னு யாரும் விளக்கவே வேண்டாம். என்னை மாதிரி மைக்கைத் தேடிப் போகாம அவர் கரெக்டா லைன்ல நின்னுட்டு இருப்பார்.

கிரிக்கெட்ல 'ஆங்கர் இன்னிங்ஸ்'. 2001 கொல்கத்தா டெஸ்ட்டை உங்க அப்பாகிட்ட, சித்தப்பாகிட்ட கேளுங்க, கண்ணுல தண்ணியோட சொல்வாங்க. லட்சுமண் 281, டிராவிட் 180. ரெண்டு பேரும் சேர்ந்து 376 ரன். நாலாவது நாள் முழுக்க விக்கெட்டே விழலை. எதிர்ல ஒருத்தர் வெளுக்கறப்ப, இந்தப் பக்கம் ஒருத்தர் வேர்விட்டு நிக்கணும். அதுதான் ஆங்கர் ரோல். டி20 வந்தப்புறம் இதையே 'ஸ்லோவா ஆடுறான்'னு திட்டவும் ஆரம்பிச்சுட்டாங்க. நங்கூரம் போட்டா நிக்கலாம், போக முடியாதே! நல்லதும் கெட்டதும் ஒரே வார்த்தைக்குள்ள இருக்கறதை நோட் பண்ணிக்கோங்க, பின்னால வேணும்.

அப்ப டி.வி. ஆங்கர்? 1952-ல அமெரிக்காவுல ஜனாதிபதி தேர்தலுக்காகக் கட்சி மாநாடுகள் நடந்துச்சு. சி.பி.எஸ். சேனல் நேரடி ஒளிபரப்பு. நிருபர்கள் அரங்கத்துல மூலைக்கு ஒருத்தரா நின்னு செய்தி சொல்வாங்க. அத்தனை பேரையும் ஒரே இடத்துல இருந்து இழுத்துக் கட்டிப் பேச ஒரு ஆள் வேணும். வால்டர் கிரான்கைட்னு ஒருத்தரை உட்காரவச்சாங்க. 'ஆங்கர்'ங்கற பட்டம் அப்பதான் டி.வி.ல பிரபலமாச்சு. அதாவது, நல்லாப் பேசறவர் ஆங்கர் இல்லை. பத்துப் பக்கம் அலையறதை ஒரு இடத்துல பிடிச்சு நிறுத்தறவர்தான் ஆங்கர். இங்கிலாந்துல இதே ஆளை 'நியூஸ் ரீடர்', 'பிரசென்டர்'னு சொல்வாங்க. நம்ம ஊர்லதான் பாட்டு போடுறவங்க, ஆடியோ ரிலீஸ்ல பொன்னாடைக்கு ஆள் கூப்பிடறவங்க, கல்யாண ரிசப்ஷன்ல ஜோக் அடிக்கறவங்க எல்லாரும் ஆங்கர். தப்பில்லை. ஆனா அது மட்டுமே அர்த்தம்னு நெனச்சா மேலூர்த் தங்கச்சிக்கு ஆனதுதான் ஆகும்.

கம்ப்யூட்டர் பசங்களுக்கு ஒரு ரெண்டு மார்க். வெப் பேஜ்ல லிங்க் குடுக்க எச்.டி.எம்.எல்.ல 'ஏ' டேக் போடுவோமே, அந்த 'ஏ' ஆங்கரோட முதல் எழுத்து. எனக்குத் தெரிஞ்சு இதை நூறு தடவை டைப் பண்ணினவங்களே யோசிச்சதில்லை. காமர்ஸ் பசங்களுக்கு 'ஆங்கர் இன்வெஸ்டர்'. ஒரு கம்பெனி ஷேர் முதல்முதலா சந்தைக்கு வரும்போது, பொதுஜனத்துக்குக் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே உள்ளே வந்து பணம் போடற பெரிய கை. 2009-ல செபி கொண்டுவந்த ஏற்பாடு. மெயின் போர்டு வெளியீடுகள்ல குறைஞ்சது 10 கோடி ரூபாய்க்கு விண்ணப்பிக்கணும். 'இவ்வளவு பெரிய ஆளே போட்டிருக்காரே'ன்னு மத்தவங்களுக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியம் எப்பவும் பலிக்கும்னு கேரன்டி கிடையாது, ஆமா.

முதல்ல காதுல விழற நம்பர்

இப்ப நல்லாக் கவனிங்க. இது சொல்லித்தராம விட்டா நமக்குப் பண நஷ்டம்.

1974-ல ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் பேராசிரியர்கள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. அதுல ஒரு சோதனை. பொருட்காட்சியில சுத்துவாங்களே, அந்த மாதிரி ஒரு நம்பர் சக்கரம். 0-லேருந்து 100 வரைக்கும். சுத்தினா 10-லயோ 65-லயோ மட்டும் நிக்கற மாதிரி தில்லுமுல்லு பண்ணி வச்சிருந்தாங்க. சக்கரம் நின்னதும் கேள்வி: ஐக்கிய நாடுகள் சபையில ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? இந்த நம்பரைவிட அதிகமா, கம்மியா? சரியா எவ்வளவு இருக்கும்? சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தும் 10-ஐப் பார்த்தவங்க சொன்னதோட நடுமதிப்பு 25. 65-ஐப் பார்த்தவங்க சொன்னதுல 45. முதல்ல கண்ணுல பட்ட நம்பர் மனசோட அடிமண்ணுல கொக்கி போட்டுருச்சு. அதுக்கப்புறம் சங்கிலி நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் மனசு நகரும். இதுக்குப் பேரு 'ஆங்கரிங்'. கானமனுக்கு 2002-ல பொருளாதார நோபல் பரிசு கிடைச்சுச்சு. ட்வெர்ஸ்கி 1996-லயே இறந்துட்டாரு, பாவம்.

நோபல் பரிசெல்லாம் இல்லாமலே விளக்குத்தூண் பக்கத்து வியாபாரிகளுக்கு இது தெரியும். பிளாட்பாரத்துல ஒரு சட்டையை எடுப்பீங்க. '900 ரூபா தம்பி'ம்பார். நீங்க பெரிய பிஸ்தா மாதிரி பேசிப் பேசி 600-க்கு வாங்கிட்டு, பஸ்ல ஏறி ஃப்ரெண்டுகிட்ட பீத்துவீங்க. அவர் முதல்லயே 500-னு சொல்லியிருந்தா 600 உங்க வாய்லேருந்து வந்திருக்குமா? 350-னு ஆரம்பிச்சிருப்பீங்க. நங்கூரத்தைப் போட்டது அவர், அதைச் சுத்தி மிதந்தது நீங்க. இதுக்கு நான் கண்ட ஒரே வைத்தியம், விலை கேட்கறதுக்கு முன்னாடியே 'இதுக்கு நான் இவ்வளவுதான் குடுப்பேன்'னு ஒரு நம்பரை மனசுல முடிவு பண்ணிடறது. எங்கம்மா இதுல எக்ஸ்பர்ட். விலையே கேட்கமாட்டாங்க. நேரா '200 தர்றேன், குடு'ம்பாங்க. கடைக்காரர்தான் திணறுவார்.

வேலைக்குப் போறப்பவும் இதேதான். கேம்பஸ்ல பெரும்பாலும் சம்பளம் முன்கூட்டியே முடிவானது, அங்க பேச ஒண்ணும் இல்லை. ஆனா வெளியே சின்னக் கம்பெனியில, 'எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?'ன்னு கேட்பாங்க. 'எவ்வளவு குடுத்தாலும் ஓகே சார்'னு சொல்றதுதான் நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பழக்கம். கூச்சம். உடனே அவங்க ஒரு நம்பரைப் போடுவாங்க. அப்புறம் நீங்க கேட்கறதெல்லாம் அந்த நம்பரைச் சுத்தித்தான். அதே கம்பெனியில, அதே வேலையில இருக்கற சீனியர்கிட்ட முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கிட்டா, நியாயமான நம்பரை முதல்ல நீங்களே சொல்லலாம். அதுக்காக இஷ்டத்துக்குச் சொல்லிடாதீங்க. கவ்வ மண் இல்லாத இடத்துல நங்கூரம் போட்டா சும்மா உருண்டு போயிரும்.

ஸ்பெல்லிங்ல ஒரு 'எச்' வருதே, அது சத்தமே போடாதே, எதுக்குன்னு ஒரு வாசகர் போன மாசம் கேட்டிருந்தார். அது ஒரு பழைய தப்பு, சார். லத்தீன்ல அந்த 'எச்' கிடையாது. நடுவுல எழுதினவங்க கிரேக்க வார்த்தைன்னா 'எச்' இருக்கணும்னு தாங்களாச் சேர்த்துட்டாங்க. படிச்சவங்க பண்ணின ஸ்பெல்லிங் மிஸ்டேக்கை ஊரே இன்னும் சுமக்குது. அதேபோல 'வெய் ஆங்கர்'னு படிச்சா நங்கூரத்தை எடை போடறதுன்னு நெனச்சுடாதீங்க. 'வெய்'க்குப் பழைய அர்த்தம் தூக்கறது. நங்கூரத்தைத் தூக்கியாச்சு, அதாவது கிளம்பியாச்சு. 'ஆங்கரைட்'னு ஒரு வார்த்தை வரும். அவர் கப்பல்காரர் இல்லை, ஊரை விட்டு ஒதுங்கித் தனியா வாழற சாமியார். வேற வேர், வேற குடும்பம். பேர் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்னைக்கு போன்ல முழுசாச் சொல்லலை. கயிறு இழுக்கற போட்டி வரைக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். அப்புறம், 'அண்ணே, எங்கம்மா ஜாக்கெட்டுக்கு பூ போடுற நூல்ல ஒரு கொக்கி மாதிரி படம் இருக்கும்ணே. அதுதானா இது?'ன்னாங்க.

அதேதான்மான்னேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு போட்டோ அனுப்பினாங்க. ரஃப் நோட்டுல ஒரு பக்கம். நடுவுல அந்த நூல் லேபிளை வெட்டி ஒட்டியிருக்காங்க. அதுலேருந்து கோடு கோடா இழுத்து, கயிறு, ரிலே குச்சி, 'ஏ' டேக், சட்டை விலைன்னு எழுதியிருந்துச்சு. அடியில பென்சில்ல, பொடி எழுத்துல: 'ஐ ஆங்கர்ட் இட், சார்.' அடுத்த இன்டர்வியூ வர்ற புதன்கிழமை. ஆரப்பாளையத்துலேருந்து காலையில அஞ்சரை மணி பஸ்ஸாம்.

அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வார்த்தை, 'போர்டு'. ஏறுறதும் அதுதான், சாப்பாடும் அதுதான், பரீட்சை நடத்தறதும் அதுதான். மாட்டுத்தாவணியில நின்னு பஸ் போர்டைப் பார்க்கறப்ப யோசிச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச அர்த்தங்களை ஒரு கார்டுல எழுதிப் போடுங்க.